வாய்விட்டுச் சொன்ன தோழர் விருத்தாம்பாள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பீங்கான் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் தோழர் தமிழ்ச்செல்வன் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பட்டறை விட்டதும் வீட்டுக்குக்கூடப் போகாமல், கையில் காய்ந்த களிமண்ணோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! உள்ளே இடமில்லாமல் வாசலிலும் சாலையிலும் நிற்கும் தோழர்களே! எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும், தோழர் விருத்தாம்பாளின் கணவர் அண்ணன் கலியமூர்த்தி அவர்களே, மகள் மோகனப்பிரியா அவர்களே! உங்கள் எல்லாருக்கும் இந்தக் கொளஞ்சிநாதனின் வணக்கம்.

பேச வந்தவன் அமைதியாகப் பேச வேண்டும். இரங்கல் கூட்டத்துக்கு அதுதான் முறை. ஆனால் எனக்கு இன்று அமைதி இல்லை. இரண்டு வாரமாகவே இல்லை. அந்த அம்மாவைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கேயாவது போகத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் மேடை ஏறும் முன்னால் நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். காதோடு காதாகச் சொன்னார்: "தோழர், பொம்பளைங்க நெறைய வந்துருக்காங்க. வியாதி பேர மைக்குல சொல்ல வேணாம். ஒடம்பு சரியில்லாம போயிட்டாங்கன்னு சொன்னா போதும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. வெளியே கட்டியிருக்கும் பேனரிலும் அப்படித்தான் இருக்கிறது. 'திடீர் உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார்' என்று அச்சடித்திருக்கிறார்கள். திடீரென்றா? ஒன்பது ஆண்டு போராடிய ஒருத்திக்கு அது திடீர் மரணமா? உடல்நலக் குறைவு என்றால் எந்த உடலில், எந்த இடத்தில், என்ன குறைவு?

மார்பகப் புற்றுநோய்.

சொல்லிவிட்டேன். மைக்கிலேயே சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழுந்ததா? யாருடைய மானமாவது போய்விட்டதா? இந்த ஒரு சொல்லை நாலு பேர் கேட்கச் சொல்வதற்காகத்தான் தோழர் விருத்தாம்பாள் தன் வாழ்வின் கடைசி ஒன்பது ஆண்டுகளைச் செலவிட்டார். அவருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டு அந்தச் சொல்லை நான் விழுங்கினால், அந்த மாலைக்கு என்ன பொருள்?

தாய்மார்களே! தோழர் விருத்தாம்பாள் கம்மாபுரம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த சில மாதங்களிலேயே பொம்மைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பொம்மையின் ஓரங்களைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகத் தயார் செய்கிற வேலை. உடம்பு ஒத்துழைத்த வரைக்கும் அதே வேலைதான் பார்த்தார். ஆனால் சங்கத்தின் பெண்கள் பிரிவுக்குச் செயலாளராக அவர் வந்தபிறகு, இந்தத் தொழிற்பேட்டையில் பெண்களின் நிலைமை பழையபடி இல்லை.

கழிப்பறைப் பிரச்சினை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டு, கதவு கிடையாது. ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதனாலேயே நம் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சங்கத்திலிருந்து நாங்கள் மனு கொடுத்தோம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள். ஒருநாள் தோழர் விருத்தாம்பாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். முதலாளி பதறிப்போய் எழுந்து நிற்கிறார். அந்த அம்மா சத்தம்கூடப் போடவில்லை.

"ஒங்க வூட்டம்மா இங்க வந்தா எந்தப் பக்கம் போவாங்க சார்? அந்த எடத்தக் காட்டுங்க. இன்னியிலேருந்து நாங்களும் அங்கயே போறோம்."

அந்த வாரமே கதவு வந்தது. தாழ்ப்பாளோடு வந்தது.

அப்படிப்பட்ட வாய்! கேட் முன்னால் நின்று அவர் கோஷம் போட்டால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். எந்த அதிகாரிக்கும் பயப்படாத வாய். அந்த வாய், தன் உடம்பில் ஒரு கட்டி வந்தபோது மூடிக்கொண்டது தோழர்களே! கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூடிக்கொண்டிருந்தது!

எப்படி நடந்தது இது? பின்னாளில் அவரே பட்டறை பட்டறையாகப் போய்ச் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். "குளிக்கறப்ப கையில பட்டுச்சு. வேர்க்கல்ல பருப்பு அளவுக்குத்தான் இருந்துச்சு. வலி இல்ல. வலி இல்லன்னா நோவு இல்லன்னு நெனச்சிக்கிட்டேன். சூட்டுக் கட்டின்னு மஞ்சள அரச்சிப் போட்டேன். பெருசாச்சு. அப்பவும் யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்றது? எந்த எடம்னு கேப்பாங்களே!"

எந்த எடம்னு கேப்பாங்களே! இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அந்தச் சிங்கம் ஒரு வருஷம் ஒடுங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஆம்பளை டாக்டர் இருந்தால் என்ன செய்வது? ரவிக்கையைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வது? வீட்டுக்காரர் முகம் சுளித்தால்? மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இந்தப் பேச்சு எழுந்தால்? ஒரு பெண்ணின் வாயை அடைக்க இத்தனை கை தேவையா? அத்தனை கையும் நம்முடையதுதானே?

கடைசியில் துணி துவைக்கும்போது மோகனப்பிரியாதான் பார்த்திருக்கிறாள். அம்மாவின் ரவிக்கையில் ஒரு கறை. ரத்தமும் நீருமாக. கையில் எடுத்துக்கொண்டு போய், "என்னாம்மா இது?" என்று கேட்டிருக்கிறாள்.

"மெதுவாப் பேசு. ஒங்கப்பா காதுல வுழுந்துடப் போவுது."

"வுழட்டும். ஆஸ்பத்திரிக்கு வா."

"ஆம்பள டாக்டரு இருந்தா என்னாடி பண்றது? நான் போவ மாட்டேன்."

அந்தப் பெண் அம்மாவிடம் மேற்கொண்டு வாதாடவில்லை. வாசலில் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்று, அந்த ரவிக்கையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அண்ணன் கலியமூர்த்தி என்ன சொல்வாரோ என்றுதானே அந்த அம்மா ஒரு வருஷம் பயந்தார்? அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? கறையைப் பார்த்தார். உள்ளே வந்தார். "ஏறு" என்றார். அவ்வளவுதான். அன்றைய சவாரியை விட்டுவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரே ஒரு சொல். அந்தச் சொல் ஒரு வருஷமாக அந்த மனிதரிடம் இருந்திருக்கிறது. கேட்க யாரும் இல்லாமல் இருந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருமா? உங்களுக்கு வருமா?

இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். கட்டி அக்குள் வரைக்கும் பரவியிருந்தது. ஒரு மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டிப்போனது. அத்தனையும் முடிந்து, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, மறுபடியும் அதே பட்டறைக்கு வேலைக்கு வந்தார். வந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு, எதைக் கேட்பது எதை விடுவது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். அவரே ஆரம்பித்தார்:

"எனக்கு ஒரு மாரு இல்ல. வெட்டி எடுத்துட்டாங்க. லேட்டா போனேன், அதனால எடுத்துட்டாங்க. நீங்க யாரும் லேட்டா போவாதீங்க. இப்ப சோறத் தின்னுங்க."

அன்று தொடங்கியது அவருடைய இன்னொரு வேலை. வாரா வாரம் வியாழக்கிழமை, இரண்டு பெண்களையோ மூன்று பெண்களையோ அண்ணன் கலியமூர்த்தியின் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். பரிசோதனை செய்கிற பெண் நர்ஸ் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டு, உள்ளே வரைக்கும் கூடவே போவார். மாமியார் விடவில்லை என்றால் மாமியாரையும் சேர்த்துக் கூட்டிப் போவார். "புள்ளைங்க பெரிசாயிட்டாங்க, இனிமே நான் இருந்து என்னா பண்ணப் போறேன்" என்று சொன்ன ஒரு அம்மாவிடம், "எங்கூடச் சண்டை போட ஆளு வேணும், வா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

ஆனால் இதற்கு அவர் கொடுத்த விலை என்ன? அதையும் சொல்ல வேண்டும். சொல்லட்டுமா என்று மோகனப்பிரியாவிடம் கேட்டேன். "சொல்லுங்க சித்தப்பா" என்று அனுமதி கொடுத்தாள்.

வேப்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நல்ல குடும்பம். பையன் திருமால். பெண்ணுக்கும் பிடித்திருந்தது, பையனுக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்த்தாயிற்று. உறவுக்காரர்கள் எல்லாரும் தோழர் விருத்தாம்பாளைச் சுற்றிக்கொண்டார்கள். "தாலி ஏர்ற வரைக்கும் வாயத் தெறக்காத. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியே, இது மட்டும் அவங்க காதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான்."

அவர் என்ன செய்தார்? பஸ் ஏறினார். தனியாக வேப்பூர் போய் இறங்கினார். பையனின் தாயார் ராஜாம்பாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் நாளைக்குப் பெண்ணுக்குத்தான் கஷ்டம் என்பது அவர் எண்ணம். ராஜாம்பாள் அம்மா இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார். மரியாதையாகத்தான் நடத்தினார். கை கழுவும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப பொண்ணுக்கும் வருமில்ல?"

இவர் பஸ் ஏறித் திரும்பிவிட்டார். மறுநாள் தரகர் போன் செய்தார். ஜாதகம் சரியில்லையாம்.

மோகனப்பிரியா அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், பல மாதம் பேச்சில்லை. நானே ஒருநாள் வருத்தப்பட்டுக் கேட்டேன்: "கொஞ்ச நாளு இந்த வியாழக்கெழம வேலய நிறுத்தி வைக்கலாமே தோழர்?" அவர் பொம்மையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எம் பொண்ணுக்கு நான் பண்ணது சரியா தப்பான்னு எனக்கே தெரியல தோழர். ஆனா இத நிறுத்துனா கண்டிப்பா தப்பு. அது தெரியுது."

அதன்பிறகு சுமார் ஒரு வருஷம் கழித்து, வேலை விட்டு வெளியே வருகிற நேரம். கேட்டுக்கு எதிரே, புளியமரத்தடியில் ஒரு அம்மா கட்டைப்பையோடு நின்றுகொண்டிருக்கிறார். நாங்கள் யாரோ ஊருக்குப் புதிது என்று நினைத்தோம். தோழர் விருத்தாம்பாள் மட்டும் பார்த்தவுடன் நின்றுவிட்டார். வேப்பூர் ராஜாம்பாள் அம்மா!

"எனக்கும் கையில படுது," என்றார் அந்த அம்மா. "வூட்டுல யாருக்கும் தெரியாது. கடைக்குச் சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒங்ககிட்ட வர எனக்கு மொகமே இல்ல. ஆனா ஒங்கள விட்டா வேற யாரத் தெரியும் எனக்கு?"

நான் பக்கத்தில் நிற்கிறேன். பழைய கணக்கைத் தீர்க்க ஒரு வார்த்தை போதும். வந்திருப்பது யார் என்று புரிந்ததும், அந்த வார்த்தைக்காக எங்கள் பெண்கள் அத்தனை பேரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். தோழர் விருத்தாம்பாள் அந்தக் கட்டைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "சாப்டீங்களா? வாங்க, வூட்டுக்குப் போலாம். காலையில போவலாம்" என்றார்.

ராஜாம்பாள் அம்மாவுக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். சீக்கிரம் வந்துவிட்டார். அந்த அம்மா இன்று இங்கே இருக்கிறார். மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலை. தன் பேரைச் சொல்ல வேண்டும் என்று அவரே என்னிடம் வந்து வற்புறுத்தினார். "நான் கேட்ட கேள்வியையும் சேத்துச் சொல்லுங்க. அப்பத்தான் நாலு பேருக்குப் புத்தி வரும்" என்றார். அம்மா, உங்களுக்கு இந்தச் சங்கத்தின் வணக்கம்!

உடம்பு தேறியதும் ராஜாம்பாள் அம்மா தட்டோடு வந்தார். திருமாலுக்கே பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்டார். மோகனப்பிரியா உள்ளேயிருந்து வந்து நின்று சொன்னாள்: "எங்கம்மா ஒங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனதுக்குக் கூலியா நானு? வேணாங்க. நீங்க நல்லா இருங்க. காபி சாப்ட்டுட்டுப் போங்க." அந்தத் தாய்க்குப் பிறந்த மகள் வேறு எப்படிப் பேசுவாள்?

தோழர்களே! இன்னொன்று. எத்தனையோ பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன விருத்தாம்பாள், தன் சொந்த மகளிடம் மட்டும் "நீயும் ஒரு தடவ போய்ப் பாத்துக்கம்மா" என்று சொல்லவே இல்லை. சொல்ல முடியவில்லை. அப்படிச் சொன்னால், 'பொண்ணுக்கும் வருமில்ல' என்ற கேள்விக்குத் தானே ஆமாம் சொன்னதுபோல ஆகிவிடுமோ என்று ஒரு நடுக்கம். ஊருக்கு இருந்த தைரியம் தாய்க்கு இல்லை. இதை என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் மோகனப்பிரியா யாரும் சொல்லாமல் தானே போனாள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் நேரே பட்டறைக்கு வந்தாள். அம்மா கையெல்லாம் களிமண்ணாக உட்கார்ந்திருந்தார். "பாத்துட்டு வந்துட்டேம்மா. ஒண்ணும் இல்ல" என்றாள். தோழர் விருத்தாம்பாள் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். மார்பை எடுத்தபோது அழாதவர். சங்கத்துக்காகப் போலீஸ் வண்டியில் ஏறியபோது அழாதவர். அந்தக் களிமண் கையோடு மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பெண்களும் அழுதார்கள். அன்று அந்த மேஜையில் வேலை ஓடவில்லை.

போன வருஷம் நோய் திரும்பி வந்தது. முதுகெலும்புக்கு வந்தது. உட்கார முடியாத நிலையிலும், "இந்த வாரம் யாரு போறாங்க?" என்றுதான் கேட்பார். இந்த மாதத் தொடக்கத்தில் நம்மை விட்டுப் போய்விட்டார்.

இப்போது என் அமைதியைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். பாலக்கரை டீக்கடையில் என் காதுபடப் பேசினார்கள்: "டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு ஊரயே கூட்டிக்கிட்டுப் போனாங்க. கடைசில அவங்களே அதுலதான போனாங்க? என்னா பிரயோசனம்?" ஒரு டீக்கடையில் மட்டும் இல்லை. பட்டறைகளிலும் இதே பேச்சு. போன வியாழக்கிழமை அண்ணன் கலியமூர்த்தி, காரியம்கூட முடியாத நிலையில், வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சங்க ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். வருவதாகச் சொல்லியிருந்த பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. நானும் அவரும் வெகுநேரம் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பின்னால் யாரோ எழுந்திருக்கிறார்கள். அகல் விளக்குப் பட்டறைப் பிரபா. சொல்லும்மா... சத்தமாகச் சொல்... அவர் கேட்டது எல்லாருக்கும் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "சீக்கிரம் போனா சாவ மாட்டோம்னு எழுதிக் குடுப்பீங்களா அண்ணா?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. நேரான கேள்வி. இல்லை தங்கச்சி, எழுதிக் கொடுக்க முடியாது. யாராலும் முடியாது. உன்னிடம் பொய் சொல்ல நான் இந்த மேடையில் ஏறவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கும் வழி அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பரிசோதனையால் சாகவில்லை விருத்தாம்பாள். பரிசோதனைக்குப் போகாத அந்த ஒரு வருஷத்தால் செத்தார். தாமதமாகப் போயும் அந்தச் சிகிச்சை அவருக்கு இத்தனை வருஷம் கொடுத்தது. அந்த வருஷங்களில்தான் மகள் வேலைக்குப் போனாள், ராஜாம்பாள் அம்மா பிழைத்தார். அந்த ஆட்டோவில் போன பெண்களில் பெரும்பாலானவர்கள் ஒன்றும் இல்லை என்று கேட்டு, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள். நீயும் பெரும்பாலும் அப்படித்தான் வருவாய். அப்படி இல்லாவிட்டாலும், முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருவாய். நாங்கள் கூட இருப்போம்.

ஆண்களே! உங்களிடம் ஒன்று. உங்கள் வீட்டுப் பெண் உங்களுக்குப் பயந்து எதையாவது மறைத்துக்கொண்டிருக்கிறாளா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாது. அவளாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நீங்களே பேச்சை எடுங்கள். கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். கூச்சத்தால் யாரும் செத்ததில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் அதுவும் பொய். கூச்சத்தால்தான் ஒருத்தி செத்திருக்கிறாள்.

தோழர் விருத்தாம்பாள் அவர்களே! உங்கள் படத்தின் முன்னால் நின்று இந்தச் சங்கம் வாக்குக் கொடுக்கிறது. அடுத்த ஒப்பந்தப் பேச்சில், ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் பரிசோதனைக்கென்று சம்பளத்தோடு ஒருநாள் விடுப்பு எங்கள் கோரிக்கையாக இருக்கும். அதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டோம். பெண்களை உள்ளே அழைத்துப் போகிற வேலையை ராஜாம்பாள் அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதற்காக வாரா வாரம் வேப்பூரிலிருந்து பஸ் ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வண்டி ஓடும். வியாழக்கிழமைதோறும் ஓடும். யாரும் வரவில்லை என்றால் சங்க வாசலில் நின்று காத்திருக்க மாட்டோம். தொழிற்பேட்டை வழியாக, உங்கள் தெரு வழியாக, உங்கள் வாசல் வழியாகப் போவோம். காலியாகப் போய்க் காலியாகத் திரும்பினாலும், அடுத்த வாரமும் வருவோம். அண்ணன் கலியமூர்த்தி உங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார்.

தாய்மார்களே, அந்தச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். வெளியே வாருங்கள்.